இரண்டு படுக்கையறை

ஆர்வோ கெம்பைனென் எங்கள் மாவட்டத்தில் இருபத்தாறு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தான். அந்த இருபத்தாறு வருடத்தில் ஒருவராவது அவனை விரும்பித் தன் வீட்டுக்குள் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அவனுடைய பழுப்பு நிற டிரக் ஒரு வீட்டுப் பாதையில் திரும்பினால் உள்ளே இருப்பவர்கள் செய்கிற முதல் வேலை, கட்டிலை மறைப்பதுதான்.

எங்கள் பக்கம் பாதாளச் சாக்கடை கிடையாது. ஏரிகளும் காடும் பாறையுமாகக் கிடக்கிற பூமி இது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடக்குத் துண்டு என்பார்கள். வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க், அதிலிருந்து வழிகிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்க ஓட்டைக் குழாய்கள் புதைத்த ஒரு பாத்தி. வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்ட வேண்டுமென்றால் அந்த டேங்கும் பாத்தியும் தாங்குமா என்று பார்த்து ஆர்வோ கையெழுத்துப் போட வேண்டும். அவன் வந்தால் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கமாட்டான். எத்தனை கழிப்பறை என்றுகூட முதலில் பார்க்கமாட்டான். படுக்கையறைகளை எண்ணுவான். ஒரு படுக்கையறைக்கு இரண்டு பேர், நாளைக்கு நூற்றைம்பது கேலன் தண்ணீர் என்று விதிப்புத்தகம் போட்டிருந்தது.

"நாங்க ரெண்டே பேர்தானே இருக்கோம்" என்று சொல்லாத ஆள் இல்லை.

"ஆளு வருவான், போவான். அறை இங்கயேதானே இருக்கும்" என்பான் அவன். பிறகு அலமாரிக் கதவைத் திறப்பான். கதவு, ஜன்னல், துணி மாட்ட ஓர் அலமாரி, இந்த மூன்றும் இருந்தால் அவனுக்கு அது படுக்கையறை. தையல் அறை என்று சொன்னாலும் சரி, துப்பாக்கி வைக்கிற அறை என்று சொன்னாலும் சரி. சாராயக்கடையில் அவனுக்கு 'கட்டிலெண்ணி' என்று பெயர். அவன் உள்ளே நுழைந்தால் யாராவது ஒருவன், "மறைச்சு வைங்கடா, எண்ணிட்டுப் போயிடுவான்" என்று கத்துவான். ஆர்வோ சிரிக்கமாட்டான். கோபப்படவும் மாட்டான். ஒரே ஒரு பியர் குடித்துவிட்டுப் போவான்.

எனக்கு அவனைத் தெரிந்தது என் ஜேசிபியால். மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் ஆள் உயரத்துக்குக் குழி வெட்ட வேண்டும். மாவட்டத்துக்குள் அந்த வேலை பெரும்பாலும் எனக்குத்தான் வரும். நான் வெட்டுவேன், அவன் இறங்குவான். குழியின் சுவரைச் சமையல் கத்தி ஒன்றால் சுரண்டுவான். மண்ணை உள்ளங்கையில் வைத்து, எச்சில் துப்பி, கட்டைவிரலால் நசுக்கி நாடாபோல நீட்டுவான். நீளமாக வந்தால் களிமண், தண்ணீர் இறங்காது. மண்ணில் சாம்பல் நிறமும் துருப்புள்ளியும் எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ, பனி உருகும் காலத்தில் ஊற்று அதுவரை ஏறி நிற்கிறது என்று அர்த்தம். அந்த ஆழத்தை அளந்து எழுதிக்கொள்வான். அதற்குமேல் பேச்சு இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்குள் இரும்புக் கடையின் மாடியில், பதினாறு படி ஏறிப்போகிற ஓர் அறையில் குடியிருந்தான்.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். "இந்த மாதிரி கட்டினா சரியா?" என்று கேட்டால் சரி, இல்லை, இரண்டில் ஒன்று. "பின்ன எந்த மாதிரி கட்டினா சரி?" என்று இரண்டாவது கேள்வி கேட்கத் தெரிந்தவர்களுக்கு வழி கிடைக்கும். தெரியாதவர்கள் அவனைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போவார்கள். நான் ஒருமுறை, "அந்த ஆளுக்கு நீயாச் சொல்லியிருக்கலாமே" என்றேன். "ஒருத்தனுக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லணும் மார்ட்டி. விதியை வளைக்கக் கத்துக்குடுக்கறதுக்கா எனக்குச் சம்பளம்?" என்றான்.

ஆர்வோவுக்கு ஒரே தங்கை, தைமி. நாலு வயது இளையவள். அவளும் அவள் புருஷன் ரூபனும் ஊசி ஏரிக் கரையில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். கீழே சமையலறையும் கூடமும் ஒரு குளியலறையும். மாடியில் இரண்டு படுக்கையறை. ரூபன் மரம் வெட்டும் கம்பெனியில் லாரி ஓட்டினான். தைமி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். வாய் ஓயாத பெண். அண்ணனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அம்மா செத்த பிறகு அப்பா யல்மரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்து மாடியின் இரண்டாவது அறையில் வைத்திருந்தாள்.

யல்மர் கிழவர் சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். சர்க்கரை வியாதி. தொண்ணூற்றைந்தாம் வருடம் வசந்தத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தவரை மாடிக்கு ஏற்ற முடியவில்லை. கூடத்தில், விறகடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டார்கள். குளியலறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. அதனால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு மலச்சட்டி நாற்காலி. அதை மறைக்கக் கயிற்றில் ஒரு போர்வை. யாராவது காப்பி குடிக்க வந்தால் கிழவர் போர்வைக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்பார். நானே ஒருமுறை பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, போர்வைக்குக் கீழே அந்த ஒற்றைச் செருப்பு தெரிந்தது என்று சொல்ல வேண்டும்.

தைமி முடிவு செய்தாள். வீட்டின் கிழக்குப் பக்கம், தரையோடு தரையாக, அகலக் கதவு வைத்து ஓர் அறை. அதற்குள்ளேயே நாற்காலி திரும்புகிற மாதிரி ஒரு குளியலறை. பாதி வேலையை ரூபனே செய்துவிடுவான். மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தாள். அது ஆர்வோவின் மேசைக்குப் போயிற்று.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் அவனும் போனோம். கொசுவானால் கொசு, கண்ணைத் திறக்க முடியவில்லை. பழைய காகிதங்களின்படி அந்த வீட்டுக்கு எழுநூற்றைம்பது கேலன் டேங்க், இரண்டு படுக்கையறைக்கான பாத்தி. மூன்றாவது அறை வந்தால் பாத்தியைப் பெரிதாக்க வேண்டும். முன்னால் ஏரி, வடக்கில் குடிநீர்க் கிணறு, இரண்டிலிருந்தும் நூறடி தள்ளி இருக்க வேண்டும். பின்னால் பாறை. மிஞ்சியது தெற்கில் வேலியோரம் ஒரு துண்டு நிலம். அதில் மூன்று குழி வெட்டினேன்.

முதல் குழியில் அவன் இறங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு சாணில் சாம்பல் நிறம். இரண்டாவது குழியில் இன்னும் மேலே. மூன்றாவதில் நான் வெட்டிக்கொண்டிருக்கும்போதே அடியில் தண்ணீர் சேர்ந்தது. ஆர்வோ பூட்ஸோடு அந்தத் தண்ணீரில் நின்று அளந்தான். மறுபடி அளந்தான். இன்னொரு பக்கச் சுவரிலும் சுரண்டி அளந்தான். அவன் ஒரே குழியை மூன்று முறை அளந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

தைமி குழியோரம் வந்து நின்றாள். கையில் மாவு.

"என்னடா சொல்லுது மண்ணு?"

"ஆகாது தைமி."

"ஆகாதுன்னா?"

"இங்க பாத்தி போட முடியாது. தண்ணி இறங்காது. ஏரிக்குத்தான் போகும்."

"அப்ப பழைய பாத்தியே இருக்கட்டும். புதுசா யாரு வரப்போறா? மாடியில இருந்த மனுஷன்தானே கீழ வர்றாரு?"

"மாடி அறை அப்படியே இருக்கே. ரெண்டோட ஒண்ணு மூணு."

"காலியா இருக்கும்டா அது!"

"இன்னிக்குக் காலி. நாளைக்கு நீ வீட்டை வித்தா வாங்கறவன் மூணு அறையிலயும் ஆளப் போடுவான்."

"இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேர், மூணு பிள்ளைங்க, ரூபனோட அம்மா, ஆறு பேர் இருந்தோம். அப்ப எங்கடா போயிருந்தீங்க நீயும் உன் புத்தகமும்? பிள்ளைங்கல்லாம் போயாச்சு, இப்ப ஒரு ஒத்தக்கால் கிழவர். அவரு என்ன ஏரியையே நிரப்பிடப் போறாரா?"

"எத்தனை ஆளுன்னு நான் கேக்கறதில்லையே. எல்லாருக்கும் ஒரே விதிதான்."

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு வழி இருந்தது. மாடியின் இரண்டாவது அறையில் கதவைக் கழற்றி, அலமாரியைப் பிடுங்கி, படிக்கட்டுப் பக்கச் சுவரில் பாதியை இடித்து விட்டால் அது அறையே இல்லை, மாடி முற்றம். அப்போது கீழே புதிதாக ஒன்று கட்டினாலும் மொத்தம் இரண்டுதான். டேங்க்கும் அதேதான், பாத்தியும் அதேதான். ரூபனுக்கு ஒரு நாள் வேலை. அதற்கு மூன்று வருடம் முன்னால் வீட்டலா என்கிற ஒருத்தன் அதையேதான் செய்தான். இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் அவன். ஆர்வோ போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். நானும் கூட இருந்தேன்.

நான் ஜேசிபியில் உட்கார்ந்து, இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கத்தியைத் துடைத்துப் பையில் வைத்தான். தைமி ஒரு நிமிடம் அவனையே பார்த்தாள். பிறகு மாவுக்கையைப் பாவாடையில் தேய்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். காப்பி குடி என்றுகூடச் சொல்லவில்லை.

ஜேசிபியை அங்கேயே விட்டுவிட்டு அவன் டிரக்கில் திரும்பி வரும்போது நான் கேட்டேன். "வீட்டலாவுக்குச் செஞ்சது உன் தங்கச்சிக்கு ஆகாதா?"

"வீட்டலா கேட்டான்."

"இவளும் கேட்டா மாதிரிதான்டா. இதுக்குமேல எப்படிக் கேப்பா?"

"போன வாரம் நீமியோட விண்ணப்பத்தைத் தள்ளினேன். என்ன சொன்னான் தெரியுமா? உன் தங்கச்சி வீடா இருந்தா இப்படிச் சொல்லுவியான்னான். ஊரே பாத்துட்டு இருக்கு மார்ட்டி. நானாப் போயி வழி சொன்னா, பதினேழு வருஷமா எல்லாருக்கும் சொன்ன 'இல்ல' எல்லாம் பொய்யாயிடும்." பிறகு, "கோவம் தணிஞ்சதும் அவளே கேப்பா. ஒரு வாரம். கேட்டா அன்னிக்கே சொல்லிடறேன்" என்றான்.

அவள் கேட்கவில்லை. அவளுக்கும் அதே ரத்தம். அவன் நம்பருக்கு ஒரு போன்கூடப் போடவில்லை.

நானாவது சொல்லியிருக்கலாம். அண்ணன் தங்கைக்குள் நாம் எதற்கு என்று இருந்துவிட்டேன். அதைவிட உண்மையான காரணம், எனக்கு வருகிற குழிவேலையெல்லாம் ஆர்வோவின் வாய்வார்த்தையில் வந்தது. அந்த வருடம் ஜேசிபிக்குப் புது எஞ்சின் போட்டிருந்தேன்.

ஆகஸ்டில் ரூபன் அனுமதி இல்லாமலே வேலையைத் தொடங்கினான். சிமெண்ட் கற்களை அடுக்கி, மேலே பலகைச் சட்டம் போட்டு, தரைப் பலகை பாதிவரை அடித்துவிட்டான். கேட்டவர்களிடம் வெயில் காயத் திண்டு கட்டுகிறேன் என்றான். ஒரு வாரத்துக்குள் மாவட்ட அலுவலகத்துக்கு யாரோ போன் செய்து, பெயர் சொல்லாமல், "ஆய்வாளர் தங்கச்சி வீட்டுல போயி எண்ணச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. சாராயக்கடையில் அன்று சாயங்காலம் பேச்சு முழுக்க, போவானா மாட்டானா என்பதுதான்.

போனான். வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு, சிவப்புக் காகிதம், அதைப் பலகைமேல் வைத்து ஆணி அடித்தான். நான் விறகு கொடுக்கப் போயிருந்ததால் அங்கே இருந்தேன். தைமி வேலைக்குப் போயிருந்தாள், ரூபன் லாரியில். கிழவர் மட்டும் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது.

"என்னடா அடிக்கிற?" என்றார்.

"காயிதம்ப்பா. வேலைய நிறுத்தணும்னு."

"யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான்."

கிழவர் கொஞ்ச நேரம் அந்தப் பலகைச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கட்டிலை எங்கே போடலாம் என்று ரூபனிடம் கோலால் அளந்து காட்டியவர் அவர்.

"ஆணிய நல்லா இறக்கி அடி. ஏரிக்காத்து பிச்சுக்கிட்டுப் போயிடும்" என்றார்.

ஆர்வோ இன்னும் இரண்டு ஆணி அடித்தான். நான் விறகை இறக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபரில் கிழவர் மலச்சட்டி நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது விழுந்தார். விறகடுப்பின் ஓரம் பட்டுக் கை வெந்துபோயிற்று. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை. தைமி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கலாமா என்று பார்த்தாள். ரூபனுக்கு முதுகு போய்ப் பாதி நாள்தான் வேலை, முடியவில்லை. நவம்பரில் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின வாரம், நாற்பது மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு அறையில் இரண்டு பேர். பக்கத்துக் கட்டில்காரருக்கு நினைவு தப்பிப்போய், ராத்திரி பகல் என்று இல்லாமல் ஒரு நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாராம்.

ஆர்வோ ஒவ்வொரு ஞாயிறும் போனான். தைமி சனிக்கிழமைகளில் போனாள். இரண்டு பேரும் ஒரே நாளில் போனதில்லை. கிழவர் அங்கே எதையும் கேட்கவில்லை. சனிக்கிழமை சௌனா மட்டும் கேட்டார், பின்லாந்திலிருந்து வந்த ஜனங்களின் நீராவிக் குளியல். எழுபது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் சூட்டறையில் உட்கார்ந்து வேர்த்த உடம்பு. அங்கே தூக்குப்பட்டையில் உட்காரவைத்து ஒரு தொட்டியில் இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். "மாட்ட இறக்குறா மாதிரி இறக்குறான்டா என்னைய" என்று ஆர்வோவிடம் சொன்னாராம். அவன் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான்.

பிப்ரவரியில் இறந்தார். தரை உறைந்திருந்ததால் எங்கள் பக்கத்து வழக்கப்படி மே மாதம்வரை கல்லறைக் கிடங்கில் வைத்திருந்தார்கள். குழி வெட்டியது நான். அடக்கத்தன்று தைமி ஒரு பக்கம், ஆர்வோ ஒரு பக்கம் நின்றார்கள். பாதிரியார் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துப் பேசினார்.

ஆனாலும் அது அதோடு முடிந்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் தைமி கொஞ்சம் இறங்கி வந்தாள். கிறிஸ்துமஸுக்கு ஏலக்காய் ரொட்டி ஒன்று அவன் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனாள். அவன் காலித் தட்டில் புகைபோட்ட மீனை வைத்துத் திருப்பிக் கொடுத்தான். ரூபன் ஈரலில் கட்டி வந்து செத்தபோது ஆர்வோ சவப்பெட்டி தூக்கினான். "அவன் என்ன செய்வான், மண்ணு அப்படி இருந்துது" என்று தைமியே ஒருமுறை என்னிடம் சொன்னாள். மண்ணின்மேல் பழியைப் போட்டு அண்ணனைத் திரும்ப எடுத்துக்கொள்ள முயன்றாள். நான் தலையாட்டினேன்.

தனியாக அந்த வீட்டைக் கட்டி மேய்க்க முடியாமல் இரண்டாயிரமாவது வருடம் விற்றாள். ஊருக்குள் வயதானவர்களுக்கென்று கட்டின குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. ஏரி வீட்டை வாங்கினவர்கள் சிகாகோக்காரர்கள், புருஷன் பெண்சாதி. கோடைக்கு மட்டும் வருகிறவர்கள். அடுத்த வசந்தத்தில் ஆர்வோ என் கொட்டகைக்கு வந்தான். கையில் சுருட்டின வரைபடம். ஜேசிபியின் மூக்குமேல் விரித்தான்.

"பாரு."

சிகாகோக்காரர்களுக்காக யாரோ வரைந்தது. மாடியின் இரண்டாவது அறையில் கதவு இல்லை, அலமாரி இல்லை, படிக்கட்டுப் பக்கச் சுவர் பாதி இல்லை. 'வாசிக்கும் மாடம்' என்று எழுதியிருந்தது. கீழே கிழக்குப் பக்கம், ரூபன் அடுக்கிய அதே கற்களின்மேல், ஏரியைப் பார்த்து ஒரு பெரிய படுக்கையறை, உள்ளேயே குளியலறை. ஓரத்தில் ஒரு வரி: மொத்தப் படுக்கையறைகள் இரண்டு, கழிவுநீர் அளவில் மாற்றம் இல்லை.

"கேள்வியே கேக்கல. அவங்களாவே வரைஞ்சு கொண்டாந்துட்டாங்க. பத்து நிமிஷ வேலை" என்றான்.

"போட்டுட்டியா?"

"போடாம? தப்பு ஒண்ணும் இல்லையே அதுல."

பிறகு, "தைமிக்கு நானே சொல்லணும். வேற யாரும் சொல்றதுக்கு முன்ன. கூட வா" என்றான். அவன் என்னை எதற்காவது கூட வா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போகக் கூடாது என்று தெரிந்தும் போனேன்.

தைமி சந்தோஷப்பட்டாள். மூன்று கோப்பையில் காப்பி ஊற்றினாள், ரொட்டியை நறுக்கினாள். குடியிருப்பில் மேல்வீட்டுக்காரி ராத்திரியெல்லாம் நாற்காலியை இழுக்கிற கதையைச் சொல்லிச் சிரித்தாள். ஆர்வோ கோப்பையில் பாதி குடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு சொன்னான். சுற்றி வளைக்காமல், விதிப்புத்தகத்தைப் படிக்கிற குரலில், கதவு, அலமாரி, சுவர், கீழே அறை, மொத்தம் இரண்டு.

அவளுக்கு முதலில் புரியவில்லை. "கதவக் கழட்டினா போதுமா?"

"அலமாரியும் சுவரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இது எப்ப வந்த சட்டம்?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். போன வருடம் வந்தது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் அவளும் அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

"எப்பவும் இருந்ததுதான்."

"அப்பாவுக்குக் கேட்டப்பவும்?"

"ம்."

"உனக்கு அன்னிக்குத் தெரியுமா ஆர்வோ?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கல தைமி."

அவள் கத்தவில்லை. நான் கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து அவன் முன்னால் இருந்த கோப்பையை எடுத்தாள். மீதிக் காப்பியைத் தொட்டியில் கொட்டினாள். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அலமாரியில் மாட்டினாள். அவன் இன்னும் உட்கார்ந்திருந்தான்.

"போ" என்றாள்.

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். நான் பின்னால் எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மார்ட்டி, குழி வெட்டினவன் நீ. உனக்குத் தெரியுமா இது?"

"எனக்கென்ன தெரியும் தைமி? வெட்டச் சொன்ன இடத்துல வெட்டுறவன் நான்" என்றேன்.

அவள் கையை விட்டாள். மிச்ச ரொட்டியை ஒரு காகிதத்தில் சுற்றி எனக்குக் கொடுத்தாள். டிரக்கில் ஆர்வோ அதைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. நான் அதைச் சாப்பிடவும் முடியாமல், எறியவும் முடியாமல், வெகு நாள் கொட்டகையில் வைத்திருந்தேன். எலி தின்றது.

அதற்குப் பிறகு ஆர்வோ மாறிப்போனான். யார் எந்த விண்ணப்பத்தோடு வந்தாலும் கேட்காமலே வழி சொல்ல ஆரம்பித்தான். இந்தக் கதவை எடு, அந்த அலமாரியை இடி, பழைய குளியல் தொட்டியைக் கழற்று, இந்த அறையைக் கூடத்தோடு சேர். ஒரு தாளில் எழுதி, நகல் எடுத்து, அலுவலக வாசலிலேயே அடுக்கி வைத்தான். ஜனங்கள் அதற்கும் பேசினார்கள். கிழவன் கை நீட்டிக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டான் என்றார்கள். சிகாகோக்காரர்களிடம் தொடங்கியது என்றார்கள். நீமி சாராயக்கடையில் எல்லார் முன்னாலும், "என் அறையத் தள்ளினியே, அப்ப எங்கடா வச்சிருந்த இந்தத் தாள?" என்று கேட்டான். ஆர்வோ, "மேசையிலதான்" என்றான். மேலதிகாரி கூப்பிட்டு, ஆய்வாளரின் வேலை ஆலோசனை சொல்வது அல்ல என்று எழுத்தில் கொடுத்தார். இரண்டாயிரத்து நாலில், ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கியிருக்கும்போதே வேலையை விட்டுவிட்டான். வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வைத்திருந்தாலும் யார் வந்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

தைமி கோடையில் ஒரு தடவைகூட ஏரிப் பக்கம் போகவில்லை. சிகாகோக்காரர்கள் வருடத்துக்கு மூன்று வாரம் வந்து அந்த அறையில் தூங்கினார்கள். நல்ல மனிதர்கள்தான். அவர்கள் செய்ததில் குற்றம் எதுவும் இல்லை.

ஆர்வோ இன்னும் ஒன்பது வருடம் இருந்தான். கடைசியில் அவனுக்கும் கால் போய்விட்டது. வெட்டி எடுக்கவில்லை, ரத்த ஓட்டம் இல்லாமல் மரத்துப்போயிற்று. பதினாறு படி இறங்க முடியாமல் மாடியிலேயே கிடந்தான். சாமான்களை நான் ஏற்றிக் கொடுப்பேன். தைமியிடம் சொல்லட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். "கேட்டா சொல்லு" என்றான். அவள் கேட்கவில்லை. அவன் இறந்ததை நான்தான் அவளுக்குப் போனில் சொன்னேன். "எந்தக் கோவில்ல?" என்று மட்டும் கேட்டாள்.

அடக்க ஆராதனைக்கு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பதினோரு பேர் இருந்தோம். கீழ்த்தளத்தில் காப்பி வைத்திருந்தார்கள். அவள் இறங்கி வரவில்லை, கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் காரைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போனேன். எனக்கும் தெரியும் தைமி, நான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிடத்தான் போனேன். அவள் என்னைப் பார்த்ததும், "நல்லவேளை நீயாவது அவனுக்கு இருந்த மார்ட்டி" என்றாள். "உன் முழங்கால் எப்படி இருக்கு?"

பரவாயில்லை என்றேன். கார்க் கதவைத் திறந்து பிடித்தேன்.

அவளுக்கு இப்போது எண்பது ஆகப்போகிறது. வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் மீன் சாப்பாடு போடும்போது ஒரே மேசையில்தான் உட்காருகிறோம்.

இன்னும் சொல்லவில்லை.